‘நாங்க என்ன கெட்டா போயிட்டோம், டீச்சர்?’

கேள்வி: நான் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு ‘தன்மேம்பாடு’ என்று வாரம் இரண்டு பீரியடு புதிதாகப் போட்டு, அதை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பாடத்திட்டத்தையும் நானே தயாரிக்க வேண்டுமாம். நிர்வாகக் குழுவில் ஒருவர் 50 தன்னம்பிக்கைப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அரையாண்டில் 50 மதிப்பெண்ணுக்குத் தேர்வு வைக்கச் சொல்கிறார் தலைமையாசிரியர். முதல் வகுப்பில், ‘உங்களிடம் மாற்றிக்கொள்ள வேண்டிய ஐந்து குணங்களை எழுதுங்கள்’ என்றேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், ‘நாங்க என்ன கெட்டா போயிட்டோம், டீச்சர்?’ என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. இதை உண்மையிலேயே பாடமாக நடத்த முடியுமா? முடியும் என்றால் எப்படி? மதிப்பெண்ணை எதற்குப் போடுவது?

— ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையனிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். அவன் வம்புக்குக் கேட்டிருந்தாலும் கேள்வி நியாயமானது. ‘மேம்பாடு’ என்று கரும்பலகையில் எழுதினாலே, இப்போது இருப்பது மட்டம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. அதை முதலில் மோப்பம் பிடிப்பது கடைசி பெஞ்சுதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர்கள் அதைத்தானே கேட்டுக்கொண்டு வருகிறார்கள்! முன் பெஞ்சுப் பிள்ளைகள் ‘எனக்குக் கோபம் வரும், குறைத்துக்கொள்ள வேண்டும்’ என்று உங்களுக்குப் பிடித்த மாதிரி அழகாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். அவன் எழுதாமல் வாய்விட்டுக் கேட்டுவிட்டான். அடுத்த வகுப்பில், ‘நீ கேட்டது சரிதான்டா, நான்தான் கேள்வியைத் தப்பாகப் போட்டுவிட்டேன்’ என்று எல்லார் முன்னாலும் அவனிடம் சொல்லிவிடுங்கள். பாதி வகுப்பு அப்போதே உங்கள் பக்கம் வந்துவிடும்.

நடத்த முடியுமா என்றால், குணத்தை நடத்த முடியாது. நாம் படித்த காலத்திலேயே டைம்டேபிளில் ‘நீதிபோதனை’ என்று ஒன்று இருந்தது. அந்தப் பீரியடில் கணக்குப் போட்டதுதான் எனக்கு ஞாபகம். ஆனால் நினைத்த காரியத்தைச் செய்து முடிக்க வழி பண்ணிக்கொள்வது எப்படி என்று நடத்தலாம். அந்த வழிகளில் பாதிக்கு மேல் பிள்ளையின் மனசுக்குள் கிடையாது. உட்காருகிற இடத்திலும் நேரத்திலும், பக்கத்தில் இருக்கிற ஆட்களிடமும் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாகப் பள்ளிகளில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இது எனக்குப் புரிந்தது ஒரு தப்பைச் செய்த பிறகுதான்.

வேலைக்கு வந்த புதிது. ஒரு பெண்கள் பள்ளிக்கு வாரம் ஒரு நாள் போவேன். பத்தாம் வகுப்புக்கு ‘நேர மேலாண்மை’ என்று வகுப்பு எடுத்து, ஆளுக்கொரு தினசரி அட்டவணை எழுதி வரச் சொன்னேன். கட்டம் போட்ட மாதிரித் தாளும் நானே கொடுத்தேன். ஒரு பெண் மூன்று கலர் ஸ்கெட்ச் பேனாவில் பிரமாதமாக எழுதி வந்தாள். காலை 4.30 எழுந்திருத்தல், 4.45 முதல் 6 வரை கணக்கு, 6 முதல் 6.30 வரை ஆங்கிலம். முதல் பரிசாக அவளுக்கு ஒரு நல்ல பேனா வாங்கிக் கொடுத்தேன். அரையாண்டில் அவள் கணக்கில் ஃபெயில்.

கூப்பிட்டுக் கேட்டேன். தாவணி நுனியை விரலில் சுற்றிக்கொண்டே ரொம்ப நேரம் பேசாமல் நின்றாள். அப்புறம் சொன்னாள்: ‘அது நீங்க கேட்டீங்கன்னு எழுதினது மிஸ்.’

வீடு ஒரே அறை. அதில் ஆறு பேர். அப்பா நூற்பாலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து படுக்கிற நேரத்தில் லைட்டைப் போட்டால் அடி விழும். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் விடிகாலையில்தான் தண்ணீர் வரும். குடம் தூக்க வேண்டியவள் அவள்தான். நான் கொடுத்த தாளில் தண்ணீர் பிடிக்க ஒரு கட்டமே இல்லை. இல்லாத வாழ்க்கைக்கு அட்டவணை எழுதிய பிள்ளைக்கு நான் பேனா கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

‘சரி, உனக்கு யாரும் தொந்தரவு பண்ணாத நேரம் எது?’ என்று கேட்டேன். யோசித்துவிட்டு, ‘பஸ் ஸ்டாப்புல நிக்கிற நேரம்தான் மிஸ், முக்கால் மணி நேரம் நிப்பேன்’ என்றாள். பள்ளி விடுவது 4.10, அவள் ஊருக்கு பஸ் 5 மணிக்கு. 4.20-க்கெல்லாம் வாட்ச்மேன் எல்லா அறையையும் பூட்டிவிடுவார். தலைமையாசிரியையிடம் பேசி ஓர் அறையை மட்டும் ஐந்து மணி வரை திறந்து வைக்கச் சொன்னோம். வாட்ச்மேன் அண்ணன் முதல் வாரம் முழுக்க முணுமுணுத்தார், டீ குடிக்கப் போக முடியவில்லையாம். ஆரம்பத்தில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். ரிவிஷன் தேர்வு சமயத்தில் எண்ணிப் பார்த்தேன், 19 பேர். அந்தப் பெண் மார்ச்சில் கணக்கில் 61 வாங்கினாள். அவள் உழைப்புக்கு எவ்வளவு, அந்தச் சாவிக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையிடமும் நான் அட்டவணை கேட்டதில்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பேன்.

உங்களுக்கு வந்திருக்கும் 50 புத்தகங்களில் எதிலாவது அந்த இனிப்புச் சோதனைக் கதை கட்டாயம் இருக்கும். மேடைப் பேச்சாளர்களும் அதை விடமாட்டார்கள். 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர், மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு முன்னால் ஓர் இனிப்பை வைத்து, ‘நான் திரும்பி வரும்வரை இதைச் சாப்பிடாமல் இருந்தால் இரண்டாகத் தருவேன்’ என்று சொல்லிவிட்டு வெளியே போவார். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள், ஆகவே மன உறுதியே வெற்றிக்கு வழி என்று கதையை முடித்துவிடுவார்கள். பிற்பாடு நடந்ததை யாரும் சொல்வதில்லை. 2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை வைத்து மறுபடியும் பார்த்தார்கள். குடும்பத்தின் வசதியையும் தாயின் படிப்பையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெரும்பாலும் கரைந்துபோனது. மிஷலின் சோதனைகளிலேயே வேறொன்றும் இருக்கிறது: இனிப்பை மூடி வைத்தபோதும், வேறு எதையாவது ஜாலியாக நினைத்துக்கொண்டிருந்தபோதும் குழந்தைகள் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். முறைத்துப் பார்த்துக்கொண்டே அடக்கிய பிள்ளைகள்தான் சீக்கிரம் தோற்றார்கள். ஆக, பல்லைக் கடிப்பதைவிடத் தட்டை மூடி வைப்பது மேல்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து, 2013-இல் வெளிவந்த ஒரு சின்னச் சோதனை. 28 குழந்தைகள்தான். படம் வரையக் கொடுத்து, ‘இதைவிட நல்ல கலர் பென்சில் எடுத்து வருகிறேன், இரு’ என்று பெரியவர் போவார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். மீதிப் பேரிடம் கையை விரித்துக்கொண்டு வந்து, ‘மன்னிச்சுக்கோ, இல்லை’ என்றார். அதன் பிறகு அதே இனிப்புச் சோதனை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெரியவரிடம் குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றியவரிடம் 3 நிமிடம். குழந்தை ஒரே மாதிரிதான். எதிரே இருந்த ஆள் வேறு.

இதை உங்கள் டைம்டேபிளோடு வைத்துப் பாருங்கள். ‘பொறுமையாகப் படித்தால் பலன் உண்டு’ என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பி.டி. பீரியடு பறிபோகிறது, சுற்றுலா தள்ளிப்போகிறது, திருத்தித் தருவதாகச் சொன்ன தாள் மூன்று வாரமாக வரவில்லை. பெரியவர்கள் சொல் எவ்வளவு செல்லும் என்பதைப் பிள்ளைகள் இதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். உங்கள் பாடத்தில் வேறு எதுவும் நடக்காவிட்டாலும், சொன்ன நாளில் சொன்னது நடந்தால் அதுவே பெரிய பாடம்.

சரி, வகுப்பில் என்னதான் செய்வது?

முதலில் மறதி. நீங்கள் அறிவியல் ஆசிரியை என்பது நல்லதாகப் போயிற்று, இதைச் சோதனையாகவே செய்து காட்டலாம். வெர்னியர் அளவி பாடத்தில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரு தடவை படிக்கட்டும். பிறகு இடப்பக்க வரிசைகள் இன்னும் இரண்டு தடவை திரும்பப் படிக்கட்டும். வலப்பக்க வரிசைகள் புத்தகத்தை மூடிவிட்டு, ஞாபகம் இருப்பதை வெள்ளைத்தாளில் எழுதட்டும், இரண்டு தடவை. வலப்பக்கம் புலம்பும், ‘மிஸ், எங்களுக்கு ஒண்ணுமே வரல’ என்று. இடப்பக்கம் தெம்பாக இருக்கும். ஒரு வாரம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல், எல்லாருக்கும் பத்துக் கேள்வி. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதே மாதிரி ஒன்றைச் செய்து 2006-இல் வெளியிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 81 சதவீதம் ஞாபகம் இருந்தது, மூடிவிட்டு எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து அது தலைகீழ்: 42-க்கு 56. உங்கள் வகுப்பில் இதே எண்கள் வராது, குழப்பமாகக்கூட வரலாம். வந்ததைக் கரும்பலகையில் எழுதி, ஏன் என்று அவர்களையே பேச விடுங்கள். ‘படிக்கும்போது தெரிந்த மாதிரி இருப்பது வேறு, தெரிவது வேறு’ என்பதை ஒரு பையன் தன் தாளை வைத்தே கண்டுபிடித்துவிட்டால், ‘கவனமாகப் படி’ என்று நீங்கள் நூறு தடவை சொல்ல வேண்டியதில்லை. கடைசி பெஞ்சை வலப்பக்கத்தில் சேருங்கள். என் சொந்த ஆசை அது.

அடுத்து, ஆரம்பிப்பது. பிள்ளைகள் சோம்பேறிகள் என்று நாம் நினைக்கிற இடத்தில் முக்கால்வாசி நேரம் சிக்கல் வேறு. எப்போது, எங்கே தொடங்குவது என்று முடிவாகாமலேயே பொழுது போய்விடுகிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பச் சொன்னார். எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறோம் என்று முன்பே குறித்துக்கொண்டவர்களில் நான்கில் மூன்று பங்கு பேர் எழுதினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். நம் பிள்ளைகளுக்குக் கடிகார நேரம் சரிப்படாது, ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போடச் சொல்லுங்கள். ‘சாயந்தரம் பாங்கு சத்தம் கேட்டதும் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு கணக்கு.’ ‘பால்காரர் மணி அடித்ததும் பையை எடுத்துப் பார்ப்பேன்.’ ‘தினமும் நன்றாகப் படிப்பேன்’ என்று எவராவது எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு வரி போதும், ஒரு வாரத்துக்கு மட்டும் போதும். வெள்ளிக்கிழமை, ‘நடந்ததா, நடக்கவில்லை என்றால் எது தடுத்தது?’ என்று கேளுங்கள். ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்டால் பிள்ளை தலை குனியும். ‘எது தடுத்தது?’ என்றால் வாயைத் திறக்கும்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை, பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து படித்தால் மண்டையில் ஏறும் என்பது நம் வீடுகளில் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒன்பதரைக்கு டியூஷன் விட்டு வந்து, சாப்பிட்டு, பதினொன்றுக்குப் படுக்கிற பிள்ளை 4.30-க்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரத் தூக்கம். அந்த வயதுக்குத் தேவை 8 முதல் 10 மணி நேரம். பருவ வயதில் உடம்புக்குத் தூக்கம் வருகிற நேரமே ஒன்றிரண்டு மணி பின்னால் தள்ளிப்போகிறது, அதனால் ‘சீக்கிரம் படு’ என்றாலும் சீக்கிரம் வராது. நாலு மணிக்கு எழுந்து நாங்கள் படிக்கவில்லையா என்று தாத்தாக்கள் வருவார்கள். அவர்கள் இரவு எட்டரைக்கே படுத்தார்கள் என்று சொல்லுங்கள்.

செல்போனைப் பற்றி அறிவுரை வேண்டவே வேண்டாம். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அறிவுரை ஏறாது, ஏமாற்றப்படுகிறோம் என்று தெரிந்தால் சுள்ளென்று ஏறும். அமெரிக்காவின் டெக்சாஸில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 500-க்கும் மேற்பட்டவர்களிடம் 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதைத்தான் செய்து பார்த்தது. ஒரு பிரிவுக்கு ‘நல்ல உணவு உடம்புக்கு நல்லது’ என்கிற வழக்கமான பாடம். இன்னொரு பிரிவுக்கு, நொறுக்குத் தீனிக் கம்பெனிகள் எப்படியெல்லாம் திட்டம் போட்டுப் பிள்ளைகளைத் திரும்பத் திரும்பத் தின்ன வைக்கின்றன என்கிற விவரம். மறுநாள் தீனி தேர்ந்தெடுக்கச் சொன்னபோது இரண்டாம் பிரிவுதான் குப்பையைக் குறைவாக எடுத்தது. அதே மாதிரி, ரீல்ஸ் ஏன் முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கிறது, முடிகிற மாதிரி வைத்திருந்தால் யாருக்கு நஷ்டம் என்று மட்டும் கேளுங்கள். மிச்சத்தை அவர்களே பேசுவார்கள், நம்மைவிட அவர்களுக்குத்தான் விவரம் தெரியும்.

இதற்கடுத்த பகுதியைத்தான் பெரும்பாலான பாடத்திட்டங்களில் காணோம். ‘உன்னை மாற்று’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் மதியத்துக்கு மேல் கவனிப்பதே இல்லை, தலைவலி என்று படுத்துக்கொள்கிறார்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கவனத்தை வளர்க்கப் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். பெண்களை மட்டும் தனியாக உட்காரவைத்து, காலையிலிருந்து என்ன குடித்தீர்கள் என்று கேட்டேன். யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. பாட்டில் கொண்டுவந்து, நிரம்பிய பாட்டிலோடு திரும்பிப் போகிறார்கள். கழிப்பறைக் கதவு இரண்டுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. தாழ்ப்பாள் போட்ட பிறகு தலைவலி ஒரேயடியாகப் போய்விட்டது என்று கதை விடமாட்டேன். பாட்டில்கள் காலியாகத் தொடங்கின, அது எனக்குக் கண்ணால் தெரிந்தது.

அதனால் உங்கள் பாடத்தில் ஒரு மாதம் முழுக்க இதற்கே கொடுங்கள். படிக்க இடைஞ்சலாக இருப்பவற்றைப் பிள்ளைகள் பட்டியல் போடட்டும். அதில் எது நம்மால் ஆகும், எது ஹெச்.எம்.மால் ஆகும், எது ஊராட்சியாலோ போக்குவரத்துக் கழகத்தாலோ ஆகும் என்று அவர்களே பிரிக்கட்டும். தெருவிளக்கு எரியவில்லை என்று மின்வாரியத்துக்குக் கற்பனையாகக் கடிதம் எழுதுவதைத் தமிழ்ப் பாடத்தில் காலங்காலமாகச் செய்துகொண்டிருக்கிறோம். இந்த முறை உண்மையான கம்பத்துக்கு உண்மையான மனு எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கி, வகுப்புச் சுவரில் ஒட்டட்டும். பதில் வராமலும் போகும். அப்போது மறுபடி எப்படிக் கேட்பது என்று யோசிப்பார்கள்.

செய்யக் கூடாதவை சில உண்டு. வெளியாளைக் கூட்டிவந்து தன்னம்பிக்கைப் பேச்சு நடத்தாதீர்கள். 2024-இல் சென்னையில் அரசுப் பள்ளியில் அப்படி அழைத்துவந்த ஒருவர், முற்பிறவிப் பாவத்தால்தான் குறையோடு பிறக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் பேச, பார்வைத்திறன் இல்லாத ஆசிரியர் ஒருவர் எழுந்து எதிர்த்துக் கேட்டதும், அது பெரிய விவகாரமானதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த அளவுக்குப் போகாதவர்கள்கூட, ‘அம்மா முகத்தை நினைத்துப் பார்’ என்று மைக்கில் சொல்லி அரங்கம் முழுவதையும் அழ வைத்துவிட்டு, வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். அம்மா இல்லாத பிள்ளையும் அதே பாயில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை மறுநாள் பார்க்க வேண்டியது நீங்கள்.

தியானம் வைக்கலாமா என்று அடுத்து யாராவது ஆரம்பிப்பார்கள். பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் மனக்கவனப் பயிற்சியை (‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்பார்கள்) பாடமாக நடத்திப் பார்த்து, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான வகுப்பைவிட எந்த மேன்மையும் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைத் தொடவே இல்லை. பிடித்த பிள்ளை செய்யட்டும், மொத்த வகுப்பையும் கண்ணை மூடச் சொல்ல வேண்டாம்.

நாட்குறிப்பு எழுதவைத்து வாங்கிப் படிக்கும் யோசனை உங்களுக்கு வந்திருக்கும். வேண்டாம் என்பேன். மனசில் இருப்பதை எழுது என்றால் சில பிள்ளைகள் உண்மையிலேயே எழுதிவிடுவார்கள். அப்படி ஒன்று கைக்கு வந்துவிட்டால் இரண்டு விஷயம். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் தொந்தரவு பற்றித் தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை உண்டு. ‘உனக்கு உதவி செய்யக் கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன், உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்’ என்று சொல்லுங்கள். குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417, மனநலத்துக்கான 14416 ஆகிய எண்களை வகுப்பில் எல்லார் கண்ணிலும் படும்படி முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். விஷயம் வந்த பிறகு ஒட்டினால் யாருக்காக ஒட்டினீர்கள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். சி.பி.எஸ்.இ. 2009-இல் கொண்டுவந்து 2017-இல் கைவிட்ட தொடர் மதிப்பீட்டு முறையில் வாழ்க்கைத் திறன்களுக்கும் கிரேடு இருந்தது. ‘தன்னைப் பற்றிய புரிதல் உள்ளவர்’ என்ற ஒரே வரி நாற்பது அட்டையில் ஒரே கையெழுத்தில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். டீச்சரைக் குறை சொல்ல முடியாது, இரண்டு நாளில் நாற்பது பேரின் மனசை அளக்க யாரால் முடியும்? ஜப்பானில் ஒழுக்கக் கல்வியைத் தொடக்கப் பள்ளியில் 2018-இலும் அடுத்த நிலையில் 2019-இலும் முறையான பாடமாகவே ஆக்கினார்கள். ஆனால் எண்ணில் மதிப்பெண் கிடையாது. ஆசிரியர் ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடாமல் குறிப்பு எழுத வேண்டும், அவ்வளவுதான். இதைத் தலைமையாசிரியரிடம் சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால், தெரிந்துகொண்டதற்கு மட்டும் மார்க் போடுங்கள்: மறதிச் சோதனையை எப்படிச் செய்தோம், மனுவை யாருக்கு, எப்படி எழுத வேண்டும், எந்த எண்ணுக்கு எதற்காக அழைக்க வேண்டும். பொறுமைக்கும் நேர்மைக்கும் மார்க் போட ஆரம்பித்தால் பிள்ளைகள் மூன்று கலர் பேனாவில் அட்டவணை எழுதி வருவார்கள்.

அந்த 50 புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க முடியாது, கொடுத்தவர் மனம் கோணும். நூலகத்தில் வையுங்கள். மாதம் ஒரு தடவை ஒரு வெற்றிக்கதையை வகுப்பில் வாசிக்கச் சொல்லி, ‘இந்தக் கதையில் யார் விட்டுப்போயிருக்கிறார்கள்?’ என்று கேளுங்கள். அவருக்கு ஃபீஸ் கட்டியது யார், சமைத்துப் போட்டது யார், அவரைப் போலவே உழைத்துவிட்டுத் தோற்றுப்போனவர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறார்? ஒன்பதாம் வகுப்புக்கு ஓட்டை கண்டுபிடிக்கச் சொல்லித் தர வேண்டியதே இல்லை.

கடைசியாக ஒன்று. உங்களுக்குக் கொடுத்திருப்பது எந்தப் பீரியடு என்று எழுதவில்லை. புதிதாகப் போட்டதென்றால் அநேகமாக எட்டாவதாகத்தான் இருக்கும். முடிந்தால் இடைவேளைக்கு முந்தைய பீரியடாக மாற்றிக் கேளுங்கள். மாற்றினாலும் டிசம்பர் வந்ததும் கணக்கு ஆசிரியர் கதவோரம் வந்து நிற்பார். ‘டீச்சர், இன்னைக்கு ஒருநாள் மட்டும், போர்ஷன் முடியல’ என்பார். கொடுத்தே ஆகவேண்டிய நிலைமை என்றால், வகுப்பைப் பார்த்துத் திரும்பி, ‘சார் நம்ம பீரியடைக் கேக்கிறார், குடுக்கலாமா? என்னைக்குத் திருப்பி வாங்கலாம்?’ என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் சொல்கிற தேதியைக் கரும்பலகை மூலையில் எழுதி, பக்கத்திலேயே சாரிடம் சாக்பீஸில் ஒரு கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். கரும்பலகையைத் துடைக்கிறபோது அந்த மூலையை விட்டுவிட்டுத் துடைக்கும் பொறுப்பை, கெட்டுப்போகாத அந்தக் கடைசி பெஞ்சுப் பையனிடம் கொடுங்கள்.